முன்னால் ஒரு பொய், பின்னால் ஒரு பம்ப்

அத்தியாயம் 5

கண்டக்டர் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு ஓய்வு பெற்றவர். அழுதுகொண்டே ஏறுகிறவர்களிடம் உடனே டிக்கெட் கேட்கக் கூடாது, இரண்டு நிறுத்தம் போகவிட வேண்டும் என்பது அந்த உத்தியோகத்தில் அவர் கற்ற பாடம். ஆகவே காலை ஒன்பதரை மணிக்கு சர்வேயரின் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, உட்காராமலே அழத் தொடங்கியபோது, அவர் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சர்வேயரும் காத்திருந்தார். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் வேலையில் பதினெட்டு வருடம் இருந்தவர். ஒரு நாள் மேலதிகாரி சொன்னபடி எழுத மாட்டேன் என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு தொலைபேசி, ஒரு கண்டக்டர். இவ்வளவுதான் அவருடைய துப்பறியும் நிலையம். வேலை போனாலும் பட்டப்பெயர் போகவில்லை.

"அவரு எழுதிக் குடுத்துட்டாரு அக்கா," என்றாள் தங்கை.

"எதை?"

"அந்த பம்பை நான்தான் மாட்டினேன்னு. நேத்து சாயங்காலம் கையெழுத்து போட்டிருக்காரு. இன்னிக்கு நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாளாக மெக்கானிக் 'நான் இல்லை' என்று ஒரே பிடியாக நின்றதைத்தான் அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் என்றால் இந்தத் தங்கையின் புருஷன். பழைய கார்பரேட்டர் வண்டிகளுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்று பெயர் எடுத்தவர்.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் போன வியாழக்கிழமை தன் பழைய காரில் போகும்போது வளைவில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் மோதினார். பெரிய மோதல் ஒன்றுமில்லை. விளக்கு உடைந்து, முன்பக்கம் கொஞ்சம் நசுங்கி, எஞ்சின் நின்றுவிட்டது. ஆனால் எதிரே பங்க்சர் கடை வைத்திருந்தவன் ஒரு சத்தம் கேட்டான். எஞ்சின் அடங்கின பிறகும் வண்டிக்குள்ளே டக் டக் டக் என்று ஏதோ அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எழுந்து வருவதற்குள் முன்பக்கம் தீப்பிடித்துவிட்டது. கதவு திறக்க வரவில்லை. போஸ்ட் மாஸ்டர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இறந்துபோனார்.

அந்த டக் டக் சத்தம்தான் இப்போது மெக்கானிக்கின் கழுத்துக்குச் சுருக்கு. கம்பெனி அந்தக் காருக்குப் போட்டு அனுப்பியது மெக்கானிக்கல் பம்ப். எஞ்சின் சுற்றினால்தான் அது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். யாரோ அதைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்தார்கள். போஸ்ட் மாஸ்டர் வண்டியைக் காட்டுவது இந்த மெக்கானிக்கிடம்தான் என்பதால் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்கு எஞ்சின் இருந்தால் என்ன, செத்தால் என்ன, சாவி திருப்பியிருக்கும் வரை அது பாட்டுக்கு அடித்துக்கொண்டேயிருக்கும். உடைந்த குழாய் வழியாகச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டேயிருந்திருக்கிறது.

"எலெக்ட்ரிக் பம்பைக் கண்டாலே ஆகாத மனுஷன் அண்ணே அவரு," என்று தங்கை கண்டக்டரைப் பார்த்துச் சொன்னாள். "இங்கே எலெக்ட்ரிக் பம்ப் மாட்டப்படாதுன்னு கடைச் சுவத்துலயே பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காரு. நீங்களே பாத்திருக்கீங்க."

"பாத்திருக்கேன். எங்க பஸ்ல 'புகை பிடிக்காதீர்'ங்கறதை அவ்வளவு பெரிசா எழுதியிருந்தா ஒருத்தன் பீடியைத் தொட்டிருக்க மாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. சர்வேயர் மட்டும் தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் புருஷனுக்குச் சமமாக ஸ்பேனர் பிடிக்கிற கைகள் அவை. நகக்கண்ணில் கறுப்பு எப்போதும் உண்டு.

"நாலு மணிக்குள்ள நான் என்ன பண்ணணும்?"

"வண்டியைப் பாருக்கா. போலீஸ்காரங்க எரிஞ்சதை மட்டும்தான் பாப்பாங்க. நீ பின்னாடி டிக்கியில பாரு. சின்னதா ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். கட்-ஆஃப். வண்டி எங்கயாவது மோதினா பம்புக்குப் போற கரண்டை அது வெட்டிடும். அது மட்டும் இருந்துட்டா பம்பு மாட்டினவங்க மேல குத்தமே சொல்ல முடியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எலெக்ட்ரிக் பம்ப் வச்சா அதையும் வைக்கணும்னு ஒரு புஸ்தகத்துல பாத்தேன்," என்றாள் தங்கை. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சர்வேயர் கைப்பையை எடுத்தார். வழக்கமாகக் கண்டக்டருக்காக நிற்பவர், இன்று திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினார்.

*

காவல் நிலையத்தின் பின்பக்கம் கார் நின்றிருந்தது. முன்பாதி கருகிப்போய், பின்பாதி வெளிர்நீல நிறத்தில் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. இன்ஸ்பெக்டர் தூக்கம் கெட்ட முகத்தோடு வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதம் கையில் இருக்கும்போது எந்த இன்ஸ்பெக்டரும் அதற்கு எதிராக வேலை செய்ய மாட்டார்.

"உங்க சொந்தக்காரர்னு தெரியும் மேடம். ஆனா நானா அடிச்சு வாங்கல. எஞ்சின்ல பழைய பம்ப் இருந்த ஓட்டையை ஒரு தகடு வச்சு மூடியிருந்தாங்க. கழட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் பேப்பர் குடுங்க எழுதறேன்னாரு."

"தகட்டை நான் பாக்கலாமா?"

உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு. நான்கு மூலையையும் அரத்தால் ராவி, விரலை வைத்தால் கீறாதபடி உருட்டியிருந்தார்கள். வெறும் ஓட்டையை மூட இவ்வளவு அக்கறை எதற்கு என்று கண்டக்டருக்குத் தோன்றியது.

சர்வேயர் நியூஸ்பேப்பரை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பின்பக்கமாக உள்ளே போனார். செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"பம்ப் எங்க இருக்கு மேடம்?"

"டேங்குக்குப் பக்கத்துல. கீழே இறக்கி, ட்யூப் ரப்பரை வெட்டி மெத்தை மாதிரி வச்சு மாட்டியிருக்காங்க. வேலை சுத்தம்." குரல் தகரத்தில் மோதி வந்தது. "எலெக்ட்ரிக் பம்புக்குத் தள்ளத் தெரியும் கண்டக்டர். தூரத்திலிருந்து இழுக்கத் தெரியாது. அதனால டேங்குக்கிட்ட வைக்கணும். இது தெரிஞ்சு வச்ச ஆள்."

"எங்க டிரைவரும் அப்படித்தான். பின்னாலிருந்து தள்ளினாத்தான் நகருவான்."

டிக்கியைத் திறந்தார்கள். ஸ்டெப்னி, ஒரு குடை, மடித்த கம்பளி. இடதுபக்கச் சுவரில் சர்வேயர் விரலை வைத்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் மட்டும் தூசி படியாமல் பளிச்சென்று இருந்தது.

"பெட்டி இருந்திருக்கு," என்றார் சர்வேயர். "யாரோ கழட்டியிருக்காங்க."

பெட்டிக்குள் போய்வர வேண்டிய இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தன. முறுக்கின் மேல் வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி.

"அடிபட்டது மனுஷனுக்கு. கட்டு போட்டது வண்டிக்கு," என்றார் கண்டக்டர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

சர்வேயர் கோபிக்கவில்லை. குனிந்து அதை முகர்ந்து பார்த்தார். "மெக்கானிக் கடையில கறுப்பு டேப்புக்குப் பஞ்சமா? நாளெல்லாம் இடுப்புலயே மாட்டிட்டுத் திரிவாங்க. கையை நீட்டினா பிளாஸ்திரி கிடைக்கிற வீட்டுலதான் இந்த வேலை நடந்திருக்கு."

*

மெக்கானிக் பெஞ்சில் முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"எங்க மாட்டினீங்க மாப்பிள்ளை?" என்றார் சர்வேயர். நலம் விசாரிக்கவில்லை, ஒன்றுமில்லை.

"எதை அண்ணி?"

"பம்பை."

"முன்னாடிதான். பானெட்டுக்குள்ள. பழைய பம்ப் இருந்த இடத்துக்குப் பக்கத்துல."

"கட்-ஆஃப் வச்சீங்களா?"

"இல்ல. என் தப்புதான். எழுதிட்டேன்ல, அதோட விட்டுடுங்க." அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "அந்த போஸ்ட் மாஸ்டர் ஆறு தரம் வந்து கேட்டாரு அண்ணி. ரெண்டு நாள் நிறுத்தி வச்சா கார்பரேட்டர் காஞ்சு போகுது, பெட்ரோல் ஏறி வர்றதுக்குள்ள பேட்டரி உக்காந்துடுது, ஆஸ்பத்திரி போற அவசரத்துக்கு ஆகலன்னாரு. வெயில் நேரத்துல பெட்ரோல் ஆவியாகி நடுரோட்டுல நிக்குதுன்னாரு. எல்லாம் வாஸ்தவம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எஞ்சின் செத்தா பம்பும் கூடவே சாகணும் சார், அதுதான் நல்ல பம்புன்னேன். மூஞ்சி சுண்டிப் போச்சு அவருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு மாசமா கடைப்பக்கமே வரல."

கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் அவரே திடுக்கிட்டு நிறுத்தினார். கடைக்கே வராதவரின் வண்டியில் இவர் எப்படிப் பம்ப் மாட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

வெளியே வந்ததும் கண்டக்டர் சர்வேயரின் காதோரம் சொன்னார். "மேடம், பின்வாசல்ல ஏறினவன் முன்வாசல்ல ஏறினேன்னு சொன்னா, அவன் பஸ்லயே ஏறலன்னு அர்த்தம். வெளியில நின்னு கை காட்டினவன். இந்த மனுஷன் அந்தப் பம்பைக் கண்ணால பாத்ததே இல்ல."

"ஆமா."

"அப்போ யாருக்காகக் கையெழுத்து போட்டாரு?"

"பிளாஸ்திரியைப் பாப்போம் முதல்ல," என்றார் சர்வேயர். அவர் முகத்தில் சுகமில்லை. கேள்விக்குப் பதில் தெரியாததனால் வரும் களைப்பு அது என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

*

போஸ்ட் மாஸ்டரின் மனைவி கதவைத் திறக்க நேரமாயிற்று. மெலிந்த அம்மாள். இடது முழங்கையில் வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்தார், பிறகு பார்க்காததுபோல் தரையைப் பார்த்தார்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள் ஒரே ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஒன்றில் செய்தித்தாள் மடித்தபடி இருந்தது, வியாழக்கிழமைத் தேதியுடன்.

"எனக்குக் கிட்னி ரெண்டும் போச்சு," என்றார் அந்த அம்மாள், சாதாரணமாக. "செவ்வாய், வியாழன், சனி. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின்ல போடுவாங்க. கொண்டுபோய் விட்டுட்டு, பேப்பர் வாங்கிட்டு வீட்டுக்கு வருவாரு. அன்னிக்கும் பேப்பரை வீட்டுல வச்சுட்டு, என்னைக் கூட்டிட்டு வரத்தான் கிளம்பியிருக்காரு."

"வண்டியில ஒரு சின்னப் பெட்டி இருந்துதும்மா. டிக்கியில," என்றார் சர்வேயர்.

அந்த அம்மாள் கேள்வி கேட்கவில்லை. எழுந்து போய், மருந்துகள் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். ஊசி, பஞ்சு, பிளாஸ்திரி உருளை, இவற்றுக்கு அடியிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுவா?"

"இதுதான். யார் கழட்டினாங்க?"

"அவருதான். நான் டார்ச் புடிச்சேன்." அவர் சொல்லிக்கொண்டே போனார். மூன்று வாரத்துக்கு முன் மெஷினுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்தது. வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் பம்பு பேசவே இல்லை. வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். யாரோ புண்ணியவான் இந்த அம்மாளைத் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார். அதற்குள் மெஷின் நேரத்தில் பாதி போய்விட்டது. காரைக் கயிறு கட்டி இழுத்து வீட்டில் விட்டார்கள்.

"மாட்டினவங்களைக் கேட்டிருக்கலாமே," என்றார் கண்டக்டர்.

"மறுநாள் கடைக்குப் போன் போட்டாரு. ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. பேசாம வச்சுட்டாரு. யாரு மாட்டினாங்கன்னு என்கிட்டகூடச் சொல்லல. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்னாரு. அப்புறம் அவரே ஒயரைத் தொட்டுக்கிட்டே போய் இந்தப் பெட்டியைக் கண்டுபுடிச்சாரு. இதுலதான் கரண்டு நிக்குது, இது கெட்டுப் போச்சு, தூக்கிப் போட்டுடலாமான்னு கேட்டாரு. போடுங்கன்னேன். சேர்த்துச் சுத்தி என் பிளாஸ்திரியை ஒட்டினாரு. ஒரே திருப்புல வண்டி பிடிச்சுது. சின்னப் பையன் மாதிரி சிரிச்சாரு."

கண்டக்டர் பெட்டியைக் கையில் எடுத்தார். குலுக்கினால் உள்ளே குண்டு ஒன்று உருண்டது. மேலே ரப்பர் மூடிய ஒரு பொத்தான் எழும்பி நின்றது. கை சும்மா இருக்காமல் அதன் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

சர்வேயர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார், ஆனால் விடவில்லை. பெட்டியைத் தானே வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதை எழுதித் தர முடியுமாம்மா? நிரபராதி ஒருத்தர் உள்ள இருக்காரு."

"தர்றேன்." அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போஸ்ட் மாஸ்டரின் பேனாவால், நிறுத்தி நிறுத்தி ஒரு பக்கம் எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் கேட்டார். "இதைக் கழட்டினதாலதான் தீப்புடிச்சுதா?"

"அப்படி ஒண்ணை மட்டும் சொல்ல முடியாதும்மா," என்றார் சர்வேயர். "வேகம், சுவர், பழைய குழாய், எல்லாம் சேர்ந்துதான்."

நாலு வருடத்தில் சர்வேயர் பொய் சொல்லிக் கண்டக்டர் கேட்டதில்லை. கேட்டபோது அது இவ்வளவு இயல்பாக வந்து விழுந்ததும், அவர் எழுந்து செருப்பைத் தேடப் போனார்.

வாசல்வரை வந்த அந்த அம்மாள், "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை," என்றார். "சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போனாங்க. தினம் தினம் கேக்க முடியாதில்ல." யாரிடமும் கேட்காமல் சொன்னதுபோலச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

*

தெருமுனை வரை கண்டக்டர் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"என் கையை ஏன் மேடம் புடிச்சீங்க?"

"அந்தப் பெட்டிக்குள்ள ஒரு இரும்புக் குண்டு காந்தத்துல ஒட்டியிருக்கும். வண்டி குலுங்கினா குண்டு பிச்சுக்கிட்டு எகிறும், கரண்டு நிக்கும், பொத்தான் மேல வரும். திரும்ப வேலை செய்ய என்ன பண்ணணும் தெரியுமா?"

"என்ன பண்ணணும்?"

"பொத்தானை ஒரு தடவை அமுக்கணும். அவ்வளவுதான். பெட்டி கெட்டே போகல கண்டக்டர். பள்ளத்துல விழுந்ததும் தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கு. நீங்க அதை அந்தம்மா கண்ணு முன்னாடி அமுக்கியிருந்தா, டொக்குனு ஒரு சத்தம் வந்திருக்கும். அந்தச் சத்தத்தோட அவங்க மிச்ச நாளை எப்படி ஓட்டுவாங்க?"

கண்டக்டர் நடையை நிறுத்திவிட்டார். வெயிலில் இருவரும் தவித்து நின்ற அந்த ஒன்றரை மணி நேரமும் டிக்கியில் ஒரு பொத்தான் எழும்பி நின்றுகொண்டே இருந்திருக்கிறது. நினைக்க நினைக்க அவருக்கு யார் மேலோ கோபம் வந்தது. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை.

"மாட்டினவங்க இதைச் சொல்லித் தர வேண்டாமா? எந்த மடையன் மேடம் அவன்?"

"மடையன் இல்ல. போன் போட்டா ஆம்பளைக் குரல் கேட்டுச்சு, வச்சுட்டாரு. ஏன் வச்சாரு?"

கண்டக்டர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். மெக்கானிக் கடையில் போன் எடுக்கப் புருஷன், பொண்டாட்டி என்று இரண்டே பேர்தான்.

"காலையில என் தங்கச்சி நம்ம ஆபீஸ்ல வந்து, பின்னாடி பாரு, டிக்கியில பெட்டி இருக்கும்னு சொன்னாளே," என்றார் சர்வேயர். "மாட்டினேன்னு சொல்ற புருஷன் முன்னாடின்னு சொல்றாரு. ஒண்ணும் தெரியாத பொண்டாட்டி பின்னாடின்னு சொல்றா. தகட்டோட மூலையை அவ ராவற விதம் மாப்பிள்ளைக்குத் தெரியாதா? வெட்டினா யாருக்கும் கீறக் கூடாதுன்னு சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பாத்தவுடனே பேப்பர் கேட்டிருக்காரு."

"உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"தெரிஞ்சுடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன்."

மணி மூன்று பத்து. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பெட்டியையும் பிளாஸ்திரியையும் எழுதிய பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு மாட்டினான்னு இதுல இல்லையே மேடம்."

"பாதுகாப்போட மாட்டியிருந்தாங்க, வண்டிக்காரர் கழட்டிட்டாரு. அது இருக்கு. முன்னாடி மாட்டினேன்னு எழுதினவரோட வாக்குமூலத்தையும், பின்னாடி இருக்கிற பம்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மிச்சத்தை உங்க மனசாட்சி சொல்லும்."

இன்ஸ்பெக்டர் பேனா முனையால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கோர்ட்டுக்கு அனுப்ப வைத்திருந்த காகிதக் கட்டிலிருந்து வாக்குமூலத்தை உருவிவிட்டு, ஏட்டைக் கூப்பிட்டார். "அரை மணி நேரத்துல அவரை வீட்டுக்கு அனுப்பறேன். நீங்க போங்க."

*

கடையில் தங்கை ஒரு வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில், 'இங்கே எலெக்ட்ரிக் பம்ப் மாட்டப்படாது' என்ற எழுத்து முழ உயரத்துக்கு இருந்தது.

"வந்துடுவாரு," என்றார் சர்வேயர்.

அவள் அப்படியே டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "பெட்டி கிடைச்சுதா அக்கா?"

"கிடைச்சுது. போஸ்ட் மாஸ்டரே கழட்டி வச்சிருந்தாரு."

"இருந்துச்சுல்ல? நான் வச்சேன்ல?" வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. கண்டக்டரைப் பார்த்தாள். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று புரிந்ததும் கொட்டத் தொடங்கினாள். "ஒரு ஞாயித்துக்கிழமை இவரு ஸ்பேர் வாங்கப் போயிருந்தப்போ அந்த போஸ்ட் மாஸ்டர் வந்தாரு அக்கா. வீட்டுல அந்தம்மாவுக்குக் கிட்னி போயிடுச்சுன்னு அழாத குறையா நின்னாரு. நாலு தடவை பேட்டரி தீர்ந்து போச்சும்மா, ஒரு நாள் மெஷினே கிடைக்கலன்னாரு. இவரு ஞாயம் இவருக்கு. ஆனா உயிரோட இருக்கிறவங்களுக்கு வண்டி கிளம்பணும்ல? புஸ்தகத்தைப் பாத்து ஒவ்வொண்ணா செஞ்சேன். ரப்பர் வச்சேன், கட்-ஆஃப் வச்சேன். எதையும் விடல. நேத்து இவரு உள்ளேர்ந்து, வாயைத் திறந்தா ரெண்டு பேரும் உள்ள, நம்ம பொண்ணு தெருவுலன்னாரு. நான் என்ன பண்ணுவேன்? ஆனா என் வேலையில தப்பில்ல. இல்லல்ல அக்கா?"

கண்டக்டர் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார். 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமே மேடம். ஏற்கனவே ஒரு பொய் சொல்லியாயிற்று, இன்னொன்றுக்கு என்ன.

சர்வேயர் தங்கைக்கு எதிரே ஒரு தகர டப்பாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வேலையில தப்பில்ல. அந்தப் பெட்டி மேல ஒரு பொத்தான் இருக்கு. அதைப் பத்தி அவருகிட்ட என்ன சொன்ன?"

"பொத்தானா? அது, குலுங்கினா மேல வந்துடும், அமுக்கிவிட்டா..." அவள் நிறுத்தினாள். கட்டைவிரல் காற்றில் எதையோ அமுக்கியபடி நின்றது. "மாட்டி முடிக்கறதுக்கும் இவரு ஸ்கூட்டர் சத்தம் கேக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடுங்க சார், ஒரு விஷயம் பாக்கி இருக்கு, அப்புறமா போன்ல சொல்றேன்னேன்."

"சொன்னியா?"

"இவரு எப்பவும் கடையிலயே இருந்தாரு. நாளைக்கு, நாளைக்குன்னு..." அவள் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். "மூணு வாரம் முன்னாடி ஒரு போன் வந்துச்சு. இவரு எடுத்தாரு. ராங் நம்பர் போல, பேசாம வச்சுட்டான்னாரு."

ஸ்பேனரைத் தரையில் வைத்தாள். அழவில்லை. காலையில் வந்த அழுகை எவ்வளவு நல்லது என்று கண்டக்டருக்கு இப்போது தோன்றியது.

"அந்தம்மா நாளைக்கு எப்படிப் போவாங்க?" என்றாள் தங்கை. "நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா. வாரம் மூணு நாளும். போயி, அவங்க கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"கூட்டிட்டுப் போ. சொல்லாத."

"அக்கா?"

"சொன்னா உனக்குப் பாரம் குறையும். அவங்களுக்கு ஏறும். புருஷன் வீணாப் போயிட்டாரேன்னு நினைக்கிறது வேற, ஒரு பொத்தானுக்காகப் போயிட்டாரேன்னு நினைக்கிறது வேற. அன்னிக்கு சொல்லாம விட்ட. இனிமே அந்தம்மா இருக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டிக்கிட்டு சொல்லாம இருக்கணும். முடியுமா?"

தங்கை எழுந்து, கையைத் துணியில் துடைத்துவிட்டு, கொட்டகையின் மூலையில் நின்ற அவர்களுடைய பழைய காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாக யாரும் தொடாத கார். பம்ப் மெக்கானிக்கல். சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் முனகியது. எஞ்சின் பிடிக்கவில்லை. விட்டுவிட்டு மறுபடி திருப்பினாள். கண்டக்டர் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு, ஏழு.

வாசலில் நிழல் விழுந்தது. மெக்கானிக் வந்து நின்றிருந்தார், கையில் செருப்போடு, சட்டை கசங்கி. காருக்குள் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள், சாவியிலிருந்து கையை எடுக்காமல்.

"இன்னும் கொஞ்சம் திருப்பு," என்றார் அவர். "பெட்ரோல் ஏறி வரணும்ல. நேரமாகும்."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்தம்மா வாசல்ல நிப்பாங்க," என்றாள் அவள்.

"ஏழரைக்கே கிளப்பி வச்சிடுவேன்," என்றார் மெக்கானிக். செருப்பைக் கீழே போட்டுவிட்டு, பானெட்டைத் திறக்க வந்தார்.